3 லட்சத்துக்கு ஜப்பான் காரா? தோல் ஊர் வியாபாரிகளே, உஷார்!

"மூணு லட்சம் கொடு, ஜப்பான் கார் உன் வாசல்லே நிக்கும்" என்று யாராவது ஆசை காட்டுகிறார்களா? பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த வண்டி உங்கள் வாசலில் நிற்கலாம். ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி!

2025 செப்டம்பர் 23-ந் தேதி கேரளாவில் என்ன நடந்தது என்பதைக் கேட்டால், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்தில் வெளிநாட்டுக் கார் மோகம் பிடித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அன்று காலை கொச்சி சுங்கத்துறை அதிகாரிகள் படை படையாகக் கிளம்பினார்கள். ஒரே நேரத்தில் சுமார் 30 இடங்களில் அதிரடி சோதனை. கார் வியாபாரிகள், தொழிலதிபர்கள், சினிமா நடிகர்கள் என்று யார் வீடும் தப்பவில்லை. முதல் நாளிலேயே 36 வண்டிகள் பிடிபட்டன. டொயோட்டா லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல் என்று எல்லாம் மலை போன்ற வண்டிகள்!

இந்தச் சோதனைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'ஆபரேஷன் நும்கோர்'. 'நும்கோர்' என்றால் பூடான் நாட்டு மொழியில் 'வண்டி' என்று அர்த்தம்.

பூடானில் ராணுவமும் மற்றவர்களும் கழித்துப் போட்ட வண்டிகளை மலிவாக வாங்கி, வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டு வந்து, பொய்ப் பேப்பரில் இமாசலப் பிரதேசம் போன்ற இடங்களில் பதிவு செய்து, கேரளாவில் கை மாற்றி விட்டார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு.

"அது கேரளா சமாசாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. 2025 அக்டோபர் 8-ந் தேதி அமலாக்கத்துறை களத்தில் குதித்தபோது, கேரளாவோடு தமிழ்நாட்டையும் சேர்த்து 17 இடங்களில் சோதனை நடந்தது. கோவையை மையமாக வைத்து இயங்கிய ஒரு கும்பல்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று அந்தத் துறையே அறிவித்தது. இந்திய ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரிலேயே போலிப் பத்திரம் தயாரித்தார்களாம்! கோவையில் இருந்து ஆம்பூர் ஒரு ராத்திரிப் பயணம்தானே?

*ஜப்பான்காரன் ஏன் தள்ளி விடுகிறான்?*

ஜப்பானில் பழைய கார் மலிவு என்பது பொய் இல்லை. அது நூற்றுக்கு நூறு உண்மை. நல்ல வண்டியை அவன் ஏன் அடிமாட்டு விலைக்குத் தள்ளி விடுகிறான்?

காரணம், 'ஷாகென்' என்ற சோதனை. நம்ம ஊர் எப்.சி. மாதிரி. ஆனால் அங்கே சொந்தக் காருக்கும் உண்டு. புது வண்டி வாங்கி 3 வருஷத்தில் முதல் சோதனை. அதற்குப் பிறகு 2 வருஷத்துக்கு ஒரு தரம். ஒவ்வொரு தடவையும் சோதனை, எடை வரி, கட்டாய இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து லட்சம் யென் வரை இழுத்துவிடுவது சாதாரணம். பெட்ரோல் வண்டிக்கு 13 வயது தாண்டினால் வரியும் ஏறும். நகரங்களில் வண்டி நிறுத்த சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று சான்றும் காட்டியாக வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஜப்பான்காரன், "இதைக் கட்டி அழுவதைவிட புது வண்டி வாங்கலாம்" என்று பழசை ஏலத்துக்கு அனுப்பி விடுகிறான். ஏலக் கூடத்தில் வண்டிக்கு மார்க் போட்டு ஒரு சீட்டு ஒட்டுவார்கள். கீறல் எங்கே, ஒடுக்கு எங்கே, விபத்தில் சிக்கியதா என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும்.

இன்னொரு வசதி: ஜப்பானிலும் வண்டி இடது பக்கம்தான் ஓடும். ஸ்டீயரிங் வலது பக்கம். நம்ம ரோட்டுக்குக் கச்சிதம்!

அதனால்தான் இலங்கை, பாகிஸ்தான், வங்காள தேசம், கென்யா, தான்சானியா என்று பல நாடுகளில் ஜப்பான் பழைய கார்கள் சக்கைப்போடு போடுகின்றன. இலங்கையில் 'ரீகண்டிஷன்' வண்டி என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

துபாய், ஷார்ஜாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம்ம பகுதி ஆட்கள், வலது ஸ்டீயரிங் ஜப்பான் வண்டிகள் அங்கே யார்டு யார்டாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். விலையைக் கேட்டு வாயைப் பிளந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வண்டிகள் துபாய் ரோட்டில் ஓடுவதற்கு வந்தவை அல்ல. அங்கே போக்குவரத்து வலது பக்கம். வண்டிகள் யார்டில் நின்று, ஆப்பிரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறுகின்றன. அவ்வளவுதான்.

*மெஷின் வருது, கார் வராதா?*

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இறக்குமதி என்பது புதுசு இல்லை. வெளிநாட்டில் இருந்து கெமிக்கல் வருகிறது. பதம் போட்ட தோல் வருகிறது. தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேண்டிய மெஷின் வருகிறது. புது மெஷின் மட்டும் இல்லை, பழைய மெஷினையும் தருவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "பழைய மெஷினை பில் போட்டு இறக்கறோம். பழைய காரை இறக்கினா என்ன?" என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பழைய காருக்குத் தனி விதி. அதன் சாராம்சம் இது:

ஒன்று: வண்டி தயாரான நாளில் இருந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

இரண்டு: வலது பக்க ஸ்டீயரிங், கிலோ மீட்டர் காட்டும் ஸ்பீடோ மீட்டர், இடது பக்கம் ஓட்டுவதற்கு ஏற்ற ஹெட்லைட் இருக்க வேண்டும்.

மூன்று: கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு சோதனைச் சான்று. இங்கே இறங்கிய பிறகு புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தில் இன்னொரு சோதனை. புகை அளவு முதல் பிரேக் வரை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பொருந்தியாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இங்கே புது வண்டிகளுக்கு பி.எஸ்.-6 புகை விதி.

நான்கு: இறங்கிய பிறகு இன்னும் 5 வருஷம் ஓடும் தகுதி வேண்டும். சர்வீஸ் வசதிக்கும் உத்தரவாதம் தர வேண்டும்.

ஐந்து: பழைய கார் மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். சென்னைத் துறைமுகத்தில் இறக்கவே முடியாது!

சரி, ரொம்பப் பழைய வண்டி? 50 வயது தாண்டிய பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி வழி இருக்கிறது. ஆனால் அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்து போட்ட நம்பர் பிளேட். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினம் தோல் ஷாப்புக்குப் போய் வர ஓட்டக் கூடாது. 2021-ல் கொண்டு வந்த விதி இது.

ஆக மொத்தம், 3 வயதுக்குள் இருக்க வேண்டும்; இல்லையென்றால் 50 வயது தாண்டி இருக்க வேண்டும். ஜப்பானில் மலிவாகக் கிடைப்பதோ 8 வயது, 10 வயது, 15 வயது வண்டி. அந்த வயது வண்டி சாதாரண ஆள் பெயரில் நேர் வழியில் இந்தியாவுக்குள் நுழைய வழியே இல்லை!

*கணக்கு போட்டுப் பாருங்கள்*

சரி, 3 வயதுக்கு உட்பட்ட வண்டியையே கொண்டு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய காருக்குச் சுங்க வரி வகையறா மட்டுமே வண்டி விலையைவிட அதிகம். அதாவது 5 லட்சம் வண்டிக்கு 5 லட்சத்துக்கு மேல் வரி. இப்போதே 10 லட்சம் தாண்டிவிட்டது. இந்த மொத்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. போடுவார்கள். சின்ன காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40 சதவீதம். சின்ன கார் என்றாலே 12 லட்சத்தை நெருங்கி, தாண்டியும் விடும். பிறகு சோதனைச் செலவு, மும்பையில் இருந்து கொண்டு வரும் கூலி, தமிழ்நாட்டு ஆயுட்கால வரி…

இவ்வளவும் கொட்டி அழுத பிறகு, வேலூரில் ஷோரூமுக்குப் போய் கியாரண்டியோடு புது வண்டி வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்!

ஆகவே ஒருத்தர் ஆம்பூர் பைபாஸில் வைத்து, "ஜப்பான் வண்டி, மூணு லட்சம்தான்" என்று சொன்னால், அந்த விலையே அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வரி கட்டிய வண்டியை அந்த விலைக்கு யாராலும் தர முடியாது.

*புரோக்கர்களின் பலே வித்தைகள்*

இந்த மாதிரி வண்டி விற்பவர்கள் பேச்சு எப்படி இருக்கும்? "பாய், மிலிட்டரி ஏலத்துலே எடுத்தது. பேப்பரெல்லாம் பக்கா. என்.ஓ.சி. வாங்கி உங்க பேருக்கு மாத்தித் தர்றது என் பொறுப்பு. நம்பிக்கைதானே பாய் வியாபாரம்?" இப்படித்தான் தேன் ஒழுகும்.

நாட்டில் இதுவரை பிடிபட்ட வழிகளைப் பார்த்தால், வித்தை நாலைந்துதான்.

முதல் வித்தை, ராணுவ ஏலம், தூதரக ஏலம் என்று பத்திரம் காட்டுவது. நிஜமாகவே ஏலம் நடப்பது உண்டு. அதனால்தான் போலியும் எடுபடுகிறது.

இரண்டாவது, தூரத்து மாநிலப் பதிவு. எங்கோ மலைப் பிரதேசத்தில் ஒரு நம்பர் வாங்கி, அங்கிருந்து என்.ஓ.சி. போட்டு இங்கே கொண்டு வருவது. ஆர்.சி. புத்தகம் அசலாகக்கூட இருக்கும். அதைக் கொடுக்க வைத்த பேப்பர்தான் பொய்.

மூன்றாவது, 'கார்னே' வண்டி. வெளிநாட்டில் இருப்பவர், வரி கட்டாமல் 6 மாதம் ஊரில் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு போகிறேன் என்று எழுதிக் கொடுத்து வண்டியை இறக்குவார். திரும்பப் போகாமல் அந்த வண்டியை இங்கேயே தள்ளி விடுவது.

நான்காவது, 'ஹாப் கட்'. காரை நடுவில் இரண்டாக அறுத்து, உதிரி பாகம் என்று சொல்லி இறக்குவது. இங்கே வந்த பிறகு வெல்டிங் வைத்து ஒட்டி விடுவது. நெடுஞ்சாலையில் 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது அந்த ஒட்டு தாங்குமா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!

ஐந்தாவது, இறந்து போன வண்டியின் நம்பரை உயிரோடு இருக்கும் வண்டிக்கு வைப்பது. சேசிஸ் நம்பரைத் தேய்த்து வேறு நம்பர் அடிப்பது.

"முழு வண்டி வேண்டாம், ஜப்பான் இன்ஜின் மட்டும் மாத்திக்கறேன்" என்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். பெரியமேட்டுக்குத் தோல் விஷயமாகப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே இன்ஜின் கிடைக்கலாம். ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆர்.சி.யே ஆட்டம் காணும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லி இருக்கிறது.

*கடைசியில் மாட்டுவது யார்?*

கொண்டு வந்தவன் கமிஷனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நடுவில் கை மாற்றியவன் போனை அணைத்து விடுவான். வண்டி யார் வாசலில் நிற்கிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் அதிகாரிகள் முதலில் தட்டுவார்கள்.

1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி, திருட்டுத்தனமாக வந்த பொருளைப் பறிமுதல் செய்யலாம். "நான் நல்ல நம்பிக்கையிலே வாங்கினேன்" என்று சொன்னால் உங்கள் மேல் உள்ள குற்றம் குறையலாம். வண்டி மேல் உள்ள கறை போகாது. இடைக்காலமாகத் திரும்பப் பெற பத்திரம் எழுதி, ஜாமீன் தொகை கட்ட வேண்டி இருக்கும். தெரிந்தே வாங்கினார் என்று ஆகிவிட்டால் அபராதம், வழக்கு, ஜெயில் வரை போகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த வண்டி ஒருவர் மேல் மோதிவிட்டால்? பேப்பர் பொய் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். நஷ்டஈட்டுக்குச் சொந்தச் சொத்தே போகக் கூடும். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்து சிறுகச் சிறுகச் சேர்த்தவருக்கு 3 லட்சம் என்பது சின்னத் தொகையா? மகள் கல்யாணப் பணம் அல்லவா!

*கண்டுபிடிப்பது எப்படி?*

வாங்குவதற்கு முன்னால் இந்த நாலு விஷயத்தைப் பார்த்தாலே பாதி வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

சேசிஸ் நம்பர்: இந்தியாவில் விற்கும் வண்டிக்கு எழுத்தும் எண்ணுமாக 17 இடம் இருக்கும். ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த வண்டிக்குக் குட்டையான நம்பர்தான். நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். ஆர்.சி.யில் 17, வண்டியில் குட்டை நம்பர் என்றால் ஓடி வந்துவிடுங்கள்!

ரேடியோ: ஜப்பானில் பழைய வண்டியின் எப்.எம். ரேடியோ 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். சென்னை ரெயின்போ 101.4-ஐத் தேடினால் கிடைக்காது. "இந்தியாவிலே விற்ற வண்டிதான்" என்று புரோக்கர் சத்தியம் செய்தால், ரேடியோவைத் திருகிப் பாருங்கள்.

முதல் பதிவு: 'வாகன்' கம்ப்யூட்டர் பதிவில் தயாரித்த வருஷமும் முதலில் பதிவு செய்த தேதியும் பாருங்கள். வெளிநாட்டு வண்டி, தயாரித்துப் பல வருஷம் கழித்து முதல் தடவையாக இங்கே பதிவாகி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மூலப் பத்திரம்: இறக்குமதி வண்டியைப் பதிவு செய்ய சுங்க அனுமதிச் சான்று வேண்டும். ராணுவம் கழித்த வண்டிக்கு ராணுவ அதிகாரி கொடுத்த 21-ம் நம்பர் படிவ விற்பனைச் சான்று வேண்டும். ஜெராக்ஸ் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் தோல் ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஏற்றுமதி இறக்குமதி செய்யும் கம்பெனிகளுக்கெல்லாம் கிளியரிங் ஏஜெண்ட் உண்டு. 'பில் ஆப் என்ட்ரி'யை அவரிடம் காட்டினால் போதும். நம்பர், தேதி, துறைமுகம் மூன்றையும் சுங்கத்துறை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, அப்படி ஒரு பில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பழைய கார் பில்லில் மும்பை தவிர வேறு துறைமுகம் போட்டிருந்தால், அங்கேயே குட்டு உடைந்தது!

*கதவை ஏன் சாத்தினார்கள்?*

"இலங்கைக்காரன் ஓட்டலாம், நான் ஓட்டக் கூடாதா?" என்று கோபம் வரலாம். இலங்கையில் கார் தொழிற்சாலை இல்லாத குறையை ஜப்பான் வண்டிதான் தீர்த்தது. ஆனால் டாலர் தட்டுப்பாடு வந்ததும் அங்கேயும் 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரி 1-ந் தேதிதான் மறுபடி கதவு திறந்தது. இடையில் அங்கே பழைய வண்டி விலை விண்ணைத் தொட்டது.

இந்தியாவின் கதை வேறு. வேலூரில் இருந்து பஸ் ஏறி சென்னைக்குப் போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையைப் பார்க்கலாம். ஒரகடத்தில் ரெனோ. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாட்டா கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த நாட்டுக் கழிவு வண்டி மலிவாகக் குவிந்தால் இந்த வேலைகளுக்கு ஆபத்து, புகைக்கும் குறைவிருக்காது என்பது அரசாங்கத்தின் கணக்கு. பாலாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கு கழிவு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை!

ஜப்பான் கார் நம்ம ரோட்டுக்கு வராமலும் இல்லை. 1983 டிசம்பர் 14-ந் தேதி வெளிவந்த மாருதி 800, சுசுகியின் ஜப்பான் சின்னக் காரை வைத்துச் செய்ததுதான். முதல் வண்டிகள் ஜப்பானில் இருந்து உதிரியாக வந்து குர்கானில் பூட்டப்பட்டவை. சுவராஜ் மாஸ்டா வேன், டி.சி.எம். டொயோட்டா வேன் எல்லாம் அதே காலத்தில் வந்தவை. ஆக, நேர் வழியில் வந்த ஜப்பான் சரக்கு இங்கே நிறையவே ஓடியிருக்கிறது.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது! 2025 ஜனவரி 30-ந் தேதி, இந்தியாவில் செய்த 5 கதவு ஜிம்னியை 'நோமேட்' என்ற பெயரில் சுசுகி ஜப்பானில் அறிவித்தது. சில நாளிலேயே சுமார் 50 ஆயிரம் ஆர்டர்! சமாளிக்க முடியாமல் புக்கிங்கையே நிறுத்தி வைத்தார்கள்.

ஜப்பான்காரன் நம்ம வண்டிக்குக் கியூ நிற்கிறான். நம்ம ஆள் அவன் தள்ளி விட்ட வண்டிக்கு, பூடான் வழியாக, பொய்ப் பேப்பரோடு காத்து நிற்பதா?

தோல் வாங்கும்போது விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வியாபாரியும் பணம் கொடுப்பதில்லை. கார் வாங்கும்போது அந்த ஜாக்கிரதையை ஆர்.சி. புத்தகத்திடமும் காட்டுங்கள். ஓட்டை வண்டியில் இருந்தால் மெக்கானிக் அடைப்பார். பேப்பரில் இருந்தால் யாராலும் அடைக்க முடியாது!